துடுப்பை எடுத்தவர்கள்

ஐம்பதுகளின் நடுவில் ஓராண்டுக்கும் மேலாகச் சிங்கப்பூர்த் தேக்காவில் தமிழ் படிக்கத் தெரிந்த பலர் ஞாயிறு காலைகளில் என் கதைக்காகக் காத்திருந்தார்கள். எழுதுவது நான் என்று அவர்களுக்குத் தெரியாது. வார இதழ் ஒன்றில் ஆண் பெயர் வைத்துக்கொண்டு எழுதினேன். பகலில் நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. என் கணவருக்கும் அந்த வார இதழின் ஆசிரியருக்கும் மட்டும் விஷயம் தெரியும். கதையின் பெயர் ‘அலைமேல் இருவர்’. இரண்டு கடற்கொள்ளைக்காரிகளின் கதை.

அந்தக் கதையால் இரண்டு பெண்களுக்கு நான் தீங்கு செய்தேன். ஒருத்தி கொள்ளையடித்தவள், இன்னொருத்தி பறிகொடுத்தவள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதழின் ஆசிரியர் தம் அச்சகத்துக்கு என்னை வரச் சொல்லி, மாமியார் மருமகள் கதைகளைப் படித்து வாசகர்களுக்கு அலுத்துவிட்டது என்றார். “சுத்திக் கடலை வச்சிக்கிட்டு ஒரு கடல் கதை எழுத ஆளில்ல லா இந்த ஊர்ல,” என்று குறைபட்டுக்கொண்டார். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

என் கணவர் தஞ்சோங் பகாரில் துறைமுகக் குமாஸ்தா. அங்கே மூட்டை தூக்கும் நம் ஆட்களிடையே ஜப்பான்காரன் காலத்துப் பேச்சு ஒன்று இருந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு மலாய்ப் பெண்ணும் சேர்ந்து தெற்குத் தீவுகள் பக்கம் அரிசிப் படகுகளைக் கொள்ளையடித்தார்களாம். ஆணைக் கொன்று பெண்ணை விடுவார்கள் என்று சிலர், இல்லை, யாரையும் விடமாட்டார்கள் என்று சிலர். ஜப்பான்காரர்களே அவர்களைத் தேடினார்கள் என்றும் சொன்னார்கள். அவர்களைப் பார்த்தவர் யாரும் இல்லை, திட்டாதவரும் யாரும் இல்லை. கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

தமிழ்ப் பெண்ணைக் கப்பல் கட்டும் தச்சரின் மகளாக்கினேன். மலாய்ப் பெண்ணைத் தீவுத் தலைவன் ஒருவனின் மகளாக்கினேன். இருவருக்கும் வாள் கொடுத்தேன், சிவப்பு இடைக்கச்சை கொடுத்தேன். பதுக்கல்காரர்களிடமிருந்து பறித்து ஏழைகளுக்குக் கொடுப்பவர்களாக எழுதினேன். ஆறு வாரம் ஓடியது. அதன் பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான் கடலைக் கரையிலிருந்து பார்த்தவள்தான்.

அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். அந்தச் சந்தின் கோடியில் நான்கு மாடு வைத்திருந்த ஒரு பெண் எங்களுக்குப் பால் ஊற்றினாள். நாற்பது வயதிருக்கும். தனியாள். உயரமானவள், கைகள் ஆண்களின் கைகள்போல இருக்கும். பேச்சு குறைவு. நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை டீச்சர் என்பாள்.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். பள்ளி விடுமுறையில் ஒரு காலை, நாயகி படகின் விளிம்பில் ஏறி நின்று வாளைச் சுழற்றி, ஒரே தள்ளில் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்புகிறாள் என்று படித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் பால் செம்போடு அவள் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“அப்படி நின்னா தண்ணிக்குள்ள விழுந்துருவா டீச்சர்,” என்றாள்.

நான் சிரித்துவிட்டு, வேறு எப்படி நிற்பது என்று கேட்டேன். அவள் செம்பைக் கீழே வைத்து, முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை விளிம்பில் ஊன்றுவதுபோல வைத்துக் காட்டினாள். நிற்கவே கூடாதாம். சம்பான் போன்ற சின்னப் படகில் நிற்பவன் ஒன்று புதியவன், இல்லை குடிகாரன் என்றாள். காற்றோடு சண்டை போடக் கூடாது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போய், அப்புறம் வெட்டித் திரும்பவேண்டும் என்றாள். பால்கார அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் எழுந்து பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் நான் அவளுக்குக் காப்பி போட்டு வைத்தேன். அதற்கு மறுநாளும். என் வீட்டுக்குக் கடைசியாக வரும்படி அவள் தன் சுற்றை மாற்றிக்கொண்டாள். படி முடியும் இடத்தில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் என்ன எழுதுகிறேன் என்று ஒருநாள் கேட்டாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அவள் புருஷன் துறைமுகக் கூலி. ஜப்பான்காரர்கள் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அவன் திரும்பவில்லை. நாலு வயதுப் பையனோடு கூலி லைனில் இருந்தாள். மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் போனபோது, மீன் விற்க வரும் ஒரு தீவுப் பெண் இவளைத் தன் சம்பானில் சேர்த்துக்கொண்டாள். முதலில் இருவரும் தீவுகளிலிருந்து கிழங்கும் கருவாடும் கடத்தினார்கள். பிறகு, கடத்துபவர்களிடம் பறித்தார்கள். ஒருத்தி நோயாளிபோலப் படகில் படுத்துக்கொள்வாள். இன்னொருத்தி துணியை அசைத்துக் கூப்பிடுவாள். பெண்கள்தானே என்று இரக்கப்பட்டுப் படகை ஒட்டிக் கொண்டுவருவார்கள். அப்போது படுத்திருப்பவள் பாராங்கோடு எழுவாள். பாராங் என்றால் தென்னை வெட்டும் கத்தி. யாரையும் வெட்டியதில்லை, வெட்டவேண்டி வரவில்லை என்றாள்.

“இரக்கப்பட்டவன்கிட்டத்தான் டீச்சர் திருட முடிஞ்சுது. இரக்கப்படாதவன் கிட்டயே வரமாட்டான்.”

அவள் போனதும் இதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பேன். வாக்கியம் மறந்துவிடுமோ என்று அவள் படி இறங்கும்போதே பென்சிலை எடுத்திருக்கிறேன்.

துடுப்பு விஷயத்தைச் சொன்ன அன்று அவள் காப்பியைத் தொடவில்லை. ஒரு விடியற்காலை, குடும்பமாக வந்த படகு ஒன்றை மடக்கினார்கள். புருஷன், பெண்டாட்டி, ஏழெட்டு வயதுப் பெண், கைக்குழந்தை. ஒரு மூட்டை அரிசி இருந்தது. எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாக அவ்வளவோடு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அந்தப் புருஷன் நல்ல திடகாத்திரமாக இருந்தான், பின்னால் துரத்திவருவான் என்று இவளுக்குப் பயம்.

“நான்தான் துடுப்பை எடுத்தேன். ரெண்டையும். கூட இருந்தவ வேணாம்னா. நான் கேக்கல. கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பாத்தா, படகு சுத்திக்கிட்டே போவுது. அந்தப் பொம்பளை கத்தக்கூட இல்ல. பிள்ளைய மேல தூக்கிக் காட்டுனா.”

நீரோட்டம் அவர்களை எங்கே கொண்டுபோயிற்று என்று இவளுக்குத் தெரியாது. அந்த அரிசியைத் தின்ற அவள் பையனும் ஜப்பான்காரர்கள் போவதற்குள் காய்ச்சலில் செத்துப்போனான். கூட்டாளிப் பெண்ணும் போய்ச் சேர்ந்துவிட்டாள். “அதுங்க பிழைச்சிச்சா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும் டீச்சர்,” என்றாள். பத்து வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டிருந்தபோதே என் மனம், இது எந்த வாரத்துக்குச் சரியாக வரும் என்று பார்த்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் அந்த அத்தியாயம் வந்தது. படகில் இருந்தவனைத் தொந்தி பெருத்த பதுக்கல்காரனாக்கினேன். மனைவியையும் பிள்ளைகளையும் எடுத்துவிட்டேன். நாயகியர் அவன் மூட்டைகளைக் கைப்பற்றி, துடுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு, ‘இனி உன் பேராசையே உன்னைக் கரை சேர்க்கட்டும்’ என்று சொல்லிப் போகிறார்கள். அவன் குனிந்து கையாலேயே தண்ணீரைத் தள்ளுகிறான். விரல்களிலிருந்து மோதிரங்கள் ஒவ்வொன்றாகக் கடலில் நழுவுகின்றன. எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்த வாரம் வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

பொங்கலுக்கு வாலிபர் சங்கம் ஒன்று ஃபேரர் பார்க் திடலில் அதை நாடகமாகப் போட்டது. நானும் கணவரும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். பதுக்கல்காரனாக வந்தவர் நல்ல சிரிப்பு நடிகர். மரப்பலகைப் படகில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் இல்லாத தண்ணீரைத் தள்ளித் தள்ளி அவர் அழ, ஜனங்கள் கைதட்டி விசிலடித்தார்கள். மறுபடி செய்யச் சொல்லிக் கத்த, அவர் மறுபடி செய்தார். பெண்கள் பக்கத்தில் பால்காரி அக்கா உட்கார்ந்திருந்ததை நான் கூட்டம் கலையும்போதுதான் கண்டேன். சந்துப் பெண்கள் கூட்டிவந்திருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பால் வந்தது. காப்பி தயாராக இருந்தது. அவள் உட்காரவில்லை.

“நீங்க எழுதுனதுதானே டீச்சர்?”

ஆமாம் என்றேன். அவள் பெயரையோ ஊரையோ எதையும் போடவில்லை, அவள்தான் என்று யாருக்கும் தெரியாது என்று வேகவேகமாகச் சொன்னேன்.

“தெரிஞ்சா தெரியட்டும். அதுக்கு இல்ல. எதுக்குக் கை தட்டுறாங்க?”

நான் காப்பிக் குவளையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நான் பண்ணது பாவம்னு உங்ககிட்டச் சொன்னேன். நீங்க அதைத் திருவிழா ஆக்கிட்டீங்க. இனிமே நான் யாருகிட்டப் போய்ப் பாவம்னு சொல்றது? சொன்னா சிரிப்பாங்க.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதன் பிறகும் பால் நிற்கவில்லை. படியில் உட்காருவதுதான் நின்றது.

தொடர் முடிந்து புத்தகமாக அச்சுக்குப் போனது. அந்தச் சமயத்தில் ஒருநாள், காலைப் பள்ளி விட்டபோது வாசலில் ஒரு பெண் எனக்காக நின்றிருந்தாள். இருபது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் மடித்த தாள்கள். பெரிய வாசகி போலிருக்கிறது என்று நினைத்து இதழின் ஆசிரியர் என் பள்ளியின் முகவரியைக் கொடுத்துவிட்டார்.

“அலைமேல் இருவர் நீங்கதான் எழுதினீங்களா டீச்சர்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் மகிழ்ச்சியோடுகூட.

அவள் தாயோடு ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாளாம். மளிகைக் கடையில் மிளகாய் சுற்றிக் கொடுத்த தாளில் என் அத்தியாயத்தின் பாதியைப் படித்திருக்கிறாள். மீதியைத் தேடி அச்சகத்துக்கே போய் வாங்கியிருக்கிறாள். வெயிலாக இருந்தது. அவளை வகுப்பறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னேன். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து, மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

அவள் வாப்பா சின்னக் கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் கடை போயிற்று. உம்மாவின் வளையல்களை விற்று, தீவு ஒன்றுக்குப் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் துணி அசைத்த பெண்களைப் பார்த்து, பாவம், பெண்பிள்ளைகள் என்று படகைத் திருப்பியவர் அவர்தான். அரிசி போயிற்று, துடுப்புகளும் போயின. இரண்டு பகல் மிதந்தார்கள். வாப்பா கையாலேயே தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார், உள்ளங்கைத் தோல் வெள்ளையாக ஊறிப் பிய்ந்தது. உம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. இரண்டாம் நாள் மாலை தம்பி இறந்துபோனான். மறுநாள் காலை மீனவர்கள் தூக்கிவிட்டபோது உம்மா அவனைக் கொடுக்க மாட்டேன் என்றாளாம். போர் முடிந்து மூன்று வருஷத்தில் வாப்பாவும் போய்விட்டார். படகையே பார்க்கப் பிடிக்காமல், கடல் பக்கமே போகாமல் செத்தார்.

“துடுப்பை எடுத்தாங்கன்றது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எடுத்தவங்களுக்குத் தெரியும். உங்களுக்கு யார் சொன்னா டீச்சர்?”

“யாரும் சொல்லலம்மா,” என்றேன். “கற்பனைதான்.”

“கையால தள்ளுனது?”

“அதுவும்.”

உண்மையில் அது ஒன்றுதான் என் கற்பனை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தாள்களை மறுபடி மடித்தாள். புத்தகமாக வருகிறதென்று அச்சகத்தில் சொன்னார்கள், அதில் அந்த ஆளைப் பதுக்கல்காரன் என்று போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். “எங்க உம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியுதே,” என்றாள். கட்டாயம் மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாற்றவில்லை. அந்தப் பக்கங்களுக்கு எழுத்துக் கோத்தாகிவிட்டது, வாசகர்கள் அந்த இடத்துக்காகத்தான் புத்தகம் வாங்கப்போகிறார்கள் என்றார் ஆசிரியர். நான் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. புத்தகம் வந்தபோது அட்டையிலேயே அந்தப் படம்தான் இருந்தது: தொந்தி பெருத்த ஒருவன் கையால் கடலைத் தள்ளுகிறான், தூரத்தில் சிவப்புக் கச்சையோடு இருவர் சிரிக்கிறார்கள்.

பள்ளி வாசலில் அவளை வழியனுப்பிவிட்டு வந்த அன்றே பால்காரி அக்காவின் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவள் புல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படகில் இருந்த சின்னப் பெண்ணைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், இருபது வயது, தையல் வேலை என்றேன். அவள் புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கைக்குழந்தை?” என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். போகிற வழியில் வாக்கியத்தைக்கூட மனதில் அமைத்துக்கொண்டேன். அவள் கண்ணைப் பார்த்ததும் என் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

“அவனும் நல்லா இருக்கான்க்கா. பன்னெண்டு, பதிமூணு வயசு. ஸ்கூல் போறான்.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் சந்து முழுவதும் பால்கோவா கொடுத்தாள். எதற்கென்று கேட்டவர்களிடம் மாடு சினை என்றாள். மறுநாள் காலை, பல மாதங்களுக்குப் பிறகு, படி முடியும் இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

அப்படி ஆரம்பித்தது. ஒரு வாரம் கழித்து, பையன் எந்த வகுப்பு என்று கேட்டாள். ஏழாம் வகுப்பு என்றேன். கணக்கில் கெட்டியா என்று கேட்டாள். தமிழில் கெட்டி, கணக்கில் சுமார் என்றேன். இல்லாத பிள்ளைக்கு நான் காய்ச்சல் வரவழைத்தேன், குணமாக்கினேன். பரீட்சையில் தேற வைத்தேன். பெருநாளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை தோற்கவும் வைத்தேன், நம்பவேண்டுமே என்று. அப்பா போனதைச் சொன்னேன், அதனால் பையன் பொறுப்பாக இருக்கிறான் என்றேன். வார இதழுக்கு அப்புறம் நான் பெரிதாக எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. ஆனால் ஒருத்தி மட்டும் கேட்கும் இந்தக் கதை ஐந்தாறு வருஷம் தடையில்லாமல் ஓடியது. அவள் ஒன்றையும் மறக்கமாட்டாள். போன மாதம் நான் சொன்னதை இந்த மாதம் எனக்கே நினைவூட்டுவாள்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. “அந்தம்மா சந்தோஷமா இருக்காங்கன்னு சொல்றே. அந்தத் தையக்காரப் பொண்ணுகிட்ட ஒருநாளாவது போனியா?” என்று கேட்டார். நான் போகவில்லை. அவள் கடை இருந்த தெருவைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போவேன். ஒரு தடவை பஸ்ஸில் அவள் முதுகைப் பார்த்துவிட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அவளேதானா என்றுகூடத் தெரியாது.

அறுபதுகள் தொடங்கிய பிறகு ஒருநாள் அக்கா கேட்டாள். “பதினெட்டு வயசு ஆயிருக்குமே டீச்சர். தூரத்திலேருந்து ஒரு தடவை காட்டுங்க. பேசமாட்டேன்.”

இரண்டு மாதம் தட்டிக்கழித்தேன். பரீட்சை என்றேன், மலாக்காவுக்குப் போயிருக்கிறான் என்றேன். கடைசியில், அவன் ஞாயிறு மாலைகளில் ஃபேரர் பார்க்கில் பந்து விளையாடுவான் என்று சொல்லிவிட்டேன். அன்றைய பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான். அடுத்த ஞாயிறு அவள் வெளுத்த புடவை கட்டி, தலையில் பூ இல்லாமல், எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்து நின்றாள்.

திடலில் நாலைந்து ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. ஓரத்தில் நின்றோம். நான் யாரையும் குறித்து வைத்திருக்கவில்லை. மாநிறத்தில், மெலிந்து உயரமாக, எங்களுக்குப் பக்கத்துக் குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவனைக் காட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் முகத்தைத் துடைத்துவிட்டு ஆட்டத்துக்கு ஓடினான். பந்து அவனிடம் போனபோதெல்லாம் அவள் கால் கட்டைவிரல் மண்ணை அழுத்தியது. அரைமணி நேரம் அப்படி நின்றோம்.

“உயரமா இருக்கான்,” என்றாள். பிறகு போகலாம் என்றாள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் எனக்கு ஓரடி முன்னால் நடந்தாள். சந்து திரும்பும் இடத்தில் நின்றாள்.

“அந்தப் பொம்பளை பிள்ளையத் தூக்கிக் காட்டுனான்னு சொன்னேன்ல. அப்பப் பாத்தேன் டீச்சர். அதோட வலது காதுக்குக் கீழ பெரிய மச்சம் இருந்துச்சு. ரூபாக்காசு அளவு. உங்ககிட்ட அதைச் சொல்லல.”

நான் தரையைப் பார்த்தேன்.

“நல்ல மனசுலதான் செஞ்சீங்க,” என்றாள். “போதும். இனிமே சொல்லாதீங்க.”

எப்போதிலிருந்து அவளுக்குச் சந்தேகம் என்று நான் கேட்கவில்லை. குழாயடிப் பையனைப் பார்த்த பிறகா, அல்லது முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டு அத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். குழந்தை பிழைக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு சந்தில் மாடு வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் மாடுகளை விற்றுவிட்டு, ஒரு கோயிலில் பாத்திரம் தேய்க்கும் வேலைக்குப் போனாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் பிரியமாகவே பேசினாள், மழையைப் பற்றி, கால் வலியைப் பற்றி. வயிற்றில் கட்டி என்று அறுபதுகளின் நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினொரு நாள் இருந்தாள். ஒன்பது நாள் போய்ப் பார்த்தேன். அந்த ஒன்பது நாளும், தையல் கடைப் பெண்ணைக் கூட்டிவரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பினேன். அவளைத் தகனம் செய்தபோது சந்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அவள் யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தையல் கடைக்குப் போனேன். கடை அதே இடத்தில் இருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி, கடை அவள் பெயரிலேயே நடந்தது. உம்மா இறந்துவிட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். காப்பி போட்டு வைத்ததை, நோட்டில் எழுதியதை, பள்ளியில் அவளிடம் பொய் சொன்னதை, புத்தகத்தை மாற்றாததை, அவள் தம்பியை நான் ஐந்து வருஷம் வளர்த்ததை. வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டுக் கதவைப் பாதி சாத்தினாள்.

நான் முடித்ததும் மெஷின் பக்கம் திரும்பினாள். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டாள்.

“உயிரோட இருக்கும்போது சொல்லியிருந்தா நான் போய்ப் பாத்திருப்பேன்.”

“பாத்து நீ என்னம்மா சொல்லியிருப்பே?”

“தெரியாது. காறித் துப்பியிருப்பேனோ, உக்காந்து அழுதிருப்பேனோ. அது என் பாடு டீச்சர். அவங்க பாடு அவங்களுக்கு. ரெண்டையும் நீங்க எடுத்து வச்சிக்கிட்டீங்க.”

மன்னித்துவிடு என்று கேட்க வந்திருந்தேன். அதைக் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

நான் கிளம்பும்போது, அந்தம்மா பேர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, நான் கேட்காமலே, தன் தம்பியின் பெயரைச் சொன்னாள். அத்தனை வருஷம் அவனைப் பற்றி அவ்வளவு சொன்ன நான் அவனுக்கு ஒரு பெயர் வைத்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த இரண்டு பெயர்களையும் நான் எங்கும் எழுதவில்லை.